பூச்சுக்கு உள்ளே

வீடு கட்டுகிற இடத்தில் போய் நின்றிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதைச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குக் குடையோடு போய், சாயங்காலம் கொத்தனார் கரணையைக் கழுவி வைக்கிற வரைக்கும் நிற்பது. நான் நின்றிருக்கிறேன். பதினோரு மாதம். அதுவும் என் வீட்டுக்காக இல்லை.

என் தங்கையும் மாப்பிள்ளையும் அப்போது மஸ்கட்டில் இருந்தார்கள். பதினாலு வருஷச் சம்பாத்தியம். திருச்சி வயலூர் ரோட்டில், சோமரசம்பேட்டைக்கு முன்னால் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஃப்ளாட் வேண்டாம் என்பதில் தங்கை பிடிவாதமாக இருந்தாள். "யாரோ போட்ட பிளான்ல போய் நம்ம உக்கார முடியாதுண்ணே." அவள் பிளானை அவளே ஒரு கோடு போட்ட நோட்டில் வரைந்திருந்தாள். சமையலறையில் கிழக்கே பார்த்து ஜன்னல். அம்மா ரூமுக்குப் படி இருக்கக்கூடாது. ஹாலில் ஊஞ்சல். அதற்காகக் கூரை போடும்போதே இரும்புக் கொக்கி வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு அப்புறம் துளை போடக் கூடாது.

2017 ஆவணியில் பூமி பூஜை. அது முடிந்த கையோடு ஏர்போர்ட் போகிற அவசரத்தில், கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "நீ பாத்துக்கண்ணே. கணக்கெல்லாம் எனக்கு வேணாம்" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருத்தி என்னை இவ்வளவு நம்புகிறாள் என்பதே ஒரு போதையாக இருந்தது.

வேலையை லேபர் கான்ட்ராக்டில் விட்டோம். பொருள் எல்லாம் நம்முடையது. சதுரத்துக்கு இவ்வளவு கூலி என்று மேஸ்திரியிடம் பேசிவிடுவது. மேஸ்திரி மணப்பாறைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டார். அதனாலேயே அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வீடு கட்டி முடித்த அனுபவசாலிகள் நான்கு பேர் ஏற்கெனவே என் காதில் ஓதியிருந்தார்கள். "நிக்கணும் சார். கூடவே நிக்கணும். நீங்க டீ குடிக்கப் போற நேரத்துல ரெண்டு சட்டி மணல் கூடப் போயிரும்." 'வீட்டைக் கட்டிப் பார்' என்று பெரியவர்கள் சொன்னதில் 'பார்' என்பதுதான் முக்கியமான சொல் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இந்தச் சந்தேகம் முழுக்க முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். கட்டடம் விழுகிற வரைக்கும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. பயம் நியாயமானதுதான். நான் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு டைரி போட்டேன். சிமெண்ட் மூட்டை எத்தனை வந்தது, எத்தனை பிரித்தார்கள், காலிச் சாக்கு எத்தனை என்று தினமும் எழுதினேன். ஒரு நாள் மாலை குந்தி உட்கார்ந்து சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"காலிச் சாக்கை எண்ணினா சிமெண்டு தீந்துருச்சுன்னு தெரியும் சார். எங்க போச்சுன்னு சாக்கு சொல்லாது."

திமிர் என்று நினைத்தேன். டைரியில் அதையும் குறித்துக்கொண்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் காலை கொஞ்சம் தாமதமாகப் போனேன். முந்தின நாள் எழுப்பிய கிழக்குச் சுவரில் மேல் நான்கு வரிசையை மேஸ்திரி தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே செங்கல் குவிந்து கிடந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. தங்கை காசு!

"என்ன மேஸ்திரி, கட்டினதை இடிக்கிறீங்க?"

"தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன். கால் இஞ்சு வெளிய போவுது."

"கால் இஞ்சுதானே? பூச்சுல சரி பண்ணிடலாமே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். வேலையை இழுத்தடிக்கிறார் என்று அன்று ராத்திரி தங்கையிடம் போனில் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வேலை அவருக்குச் சதுரக் கணக்கு. நாள் கூலி இல்லை. அந்தச் சுவரை இடித்துக் கட்டிய அரை நாளும், கூட நின்ற ஆட்களின் கூலியும் அவர் கையைவிட்டுப் போனது. நான் அங்கே இல்லாத நேரத்தில், யாருமே கேட்டிருக்க முடியாத ஒரு தப்பை, தன் செலவில் அவர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். பூச்சில் மறைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன், காவலுக்கு நின்ற நான்.

ஆட்டிடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைத்த கதையைக் கிரேக்கத்துப் பிளேட்டோ சுமார் 2400 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார். கல்லை உள்பக்கமாகத் திருப்பினால் போட்டிருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் என்ன செய்தான்? அரண்மனைக்குப் போய் ராணியை வளைத்துக்கொண்டு, ராஜாவைக் கொன்று, நாட்டைப் பிடித்தான். நல்லவனுக்கு ஒன்று, கெட்டவனுக்கு ஒன்று என்று இப்படி இரண்டு மோதிரம் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே நடப்பார்கள் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பாத்திரம் சாக்ரடீஸைக் கேட்கிறது. காலேஜில் இதைப் படித்தபோது மோதிரம் ஒரு கட்டுக்கதை என்று நினைத்தேன். கட்டட வேலையில் அது நிஜமாகவே இருக்கிறது. அதற்குப் பெயர் பூச்சு. கடைக்காலில் போட்ட ஜல்லி, தூணுக்குள் கட்டிய கம்பி, கம்பிக்கும் வெளிக் காங்கிரீட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி, கலவையில் கலந்த மணல் எல்லாமே ஒரு நாள் மூடப்படும். அதற்கு மேல் பெயின்ட். அப்புறம் வருகிறவர்கள் டைல்ஸ் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், பெரும்பாலான கட்டடங்களைப் பூசாமல் செங்கல் தெரியவே விட்டார். சிக்கனம் முக்கியமான காரணம். ஆனால் பூசாத சுவரில் கொத்தனார் எதையும் ஒளிக்க முடியாது என்பதும் இருக்கிறதே! இதை மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. "அப்படிக் கட்டினா கொத்தன் யாருன்னு தெரியும்" என்றார். உடனே, "ஆனா கடைக்காலைத் தொறந்தே வெக்க முடியாதே சார்" என்று சிரித்தார். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்த இரண்டு மூன்று தடவையில் அது ஒன்று.

பாலுமகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். காண்டிராக்டர் சிமெண்டைக் கடத்துகிறான் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்வது படித்த என்ஜினீயர் இல்லை. அங்கே வேலை செய்கிற சித்தாள் மங்கம்மா. அது சரியான கணிப்பு. ஒரு கலவையில் எத்தனை சட்டி மணல் போனது என்று தலையில் சுமந்தவளுக்குத்தான் தெரியும். எங்கள் வேலையிலும் அப்படி ஒரு பெண் இருந்தாள். அத்தனை மாதத்தில் நான் அவளிடம் எதுவுமே கேட்டதில்லை. அவள் போட்ட டீயைக் குடித்திருக்கிறேன்.

இனி நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2018 ஏப்ரல் கடைசியில் கூரை போட்டோம். கூரைக் காங்கிரீட் என்றால் அது ஒரு திருவிழா. விடிகாலையில் கலவை மெஷின் வந்துவிட்டது. முப்பது பேர். மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி. ஊஞ்சல் கொக்கி இருக்கிறதா என்று நானே நான்கு தடவை போய்ப் பார்த்தேன். படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மஸ்கட்டிலிருந்து பதினைந்து கும்பிடு பொம்மை வந்தது.

காங்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. ரொம்பப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கிற ரசாயன வினையால் அது இறுகுகிறது. ஆரம்ப நாட்களில் தண்ணீர் வற்றினால் வினை பாதியில் நிற்கும். மேலே சுருங்கி விரிசல் விடும். அதனால்தான் மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துவது. வறண்ட வெயில் ஊர்களில் 10 நாளுக்குக் குறையாமல் ஈரம் இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுக் காங்கிரீட் விதிமுறை. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். ஊரில் சாமி கும்பிடு. ஆட்கள் எல்லோருமே ஒரே ஊர்ப்பக்கம். காவலுக்கு இருந்த குடும்பமும் போகிறது. "மூணே நாள் சார். காலையிலயும் சாயங்காலமும் மோட்டாரைப் போட்டு பாத்திய ரொப்பிட்டீங்கன்னா போதும். வேற வேலை இல்ல."

என் வீடு உறையூரில். ஸ்கூட்டரில் இருபது நிமிஷம்.

முதல் நாள் போனேன். பாத்தி நிறையத் தண்ணீர் விட்டேன். வானம் அதில் தெரிந்தது. அழகாக இருந்தது, நிறையப் படம் எடுத்தேன். இரண்டாம் நாள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். தட்ட முடியாத கல்யாணமா என்றால் இல்லை. மூன்றாம் நாள் எந்தக் காரணமும் இல்லை. முதல் நாள் அலைச்சல், அடிக்கிற வெயில், சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபேனுக்குக் கீழே படுத்தவன் எழுந்திருக்கும்போது ஐந்தரை. நாளைக் காலையில் அவர்களே வந்துவிடப் போகிறார்கள், இனி என்ன என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி தங்கை கூப்பிட்டாள். "தண்ணி நிக்குதாண்ணே?"

"நிக்குதும்மா."

இதோடு விட்டிருந்தால் அதை ஒரு வாய்தவறல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். போனை வைத்ததும் முதல் நாள் எடுத்த படங்களில், அதுவரை அனுப்பாத ஒன்றைத் தேடி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பாத்தியில் தண்ணீர், தண்ணீரில் வானம். 'சூப்பர்ணே' என்று பதில் வந்தது.

அந்தப் படத்தை அவள் கேட்கவே இல்லை. கேட்காத ஒருத்திக்கு ஆதாரம் தயார் பண்ணி அனுப்பினேன். முப்பத்திரண்டு வருஷ ஆபீஸ் பழக்கம் என்று கேலியாகச் சொல்லலாம்தான். ஆனால் மேஸ்திரியைக் கண்காணிக்க நான் இருந்தேன். என்னைக் கண்காணிக்க யாரும் இல்லை. மோதிரம் பதினோரு மாதமும் என் விரலில்தான் இருந்திருக்கிறது. சாக்கு எண்ணுகிற மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே மேஸ்திரி மாடியில் இருந்தார். பாத்தி வெள்ளையாகக் காய்ந்து, வரப்பு வெடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓஸைத் தூக்கிப் போட்டுவிட்டு "மோட்டாரைப் போடுப்பா" என்று கீழே குரல் கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு நான் சாக்கு எண்ணவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எதிரில் எண்ண முடியவில்லை, அவ்வளவுதான்.

2018 ஆவணியில் கிரகப்பிரவேசம். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் வேட்டி, துண்டு, புடவை. மாப்பிள்ளை எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "எல்லாம் அண்ணன் பாத்துக்கிட்டது" என்று தங்கை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். இலையைவிட்டு அவர் நிமிரவில்லை. பசியாகவும் இருக்கலாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, 2021 மழைக்காலத்தில் ஹால் கூரையில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி மாதிரி. ஊஞ்சல் கொக்கிக்குப் பக்கத்தில் தொடங்கி ஜன்னல் பக்கமாகப் போகிறது. ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு ஈரம். என்ஜினீயர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, நிறைய வீட்டில் வருவதுதான் என்றார். அம்மா அந்த ஊஞ்சலில்தான் காலையில் உட்கார்ந்து பூத் தொடுப்பாள்.

தங்கை போனில் கேட்டாள். "மேஸ்திரி ஏமாத்திட்டாராண்ணே? நீ அப்பவே சொன்னல்ல, இழுத்தடிக்கிறாருன்னு."

இதற்குத்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். "சிமெண்டு வீடுன்னா விரிசல் வரத்தாம்மா செய்யும்" என்றேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை என்பது உண்மை. அவர் மேல் விழுந்த பழியைத் துடைக்கவும் இல்லை. பொய் சொல்லாமலே ஒருவனைக் காட்டிக்கொடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மறுநாளே வந்தார். வயது கூடியிருந்தது. கூரையைப் பார்த்தார், மாடிக்குப் போனார், தட்டோட்டை அங்கங்கே தட்டிப் பார்த்தார். தங்கை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஓடு பதிச்சதுல வாட்டம் பத்தலம்மா. தண்ணி நிக்குது, அதான் எறங்குது. என் ஆளுங்க செஞ்ச தப்புதான். நானே சரி பண்ணித் தரேன்" என்றார்.

அதுதான் உண்மையான காரணமா? இருக்கலாம். வாட்டம் பத்தாமல் தண்ணீர் நிற்பது அடிக்கடி நடக்கிறதுதான். விரிசல் அந்த இரண்டு நாள் வெயிலில் வந்ததா என்று எந்த என்ஜினீயராலும் இப்போது அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாடியிலிருந்து இறங்கும்போது நான் அவரிடம், "மேஸ்திரி, அன்னைக்கு அந்த ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்தேன். "விடுங்க சார், படி வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றார். நான்கு நாள் வேலை செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டவர் எப்படிக் கூலி வாங்குவார்? என்னால் பையில் திணிக்கவும் முடியவில்லை.

கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி கட்டி முடித்ததும் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்தபிறகுதான் காங்கிரீட் போட வேண்டும். அது அவமரியாதை இல்லை, முறை. நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ளவும் மாட்டார். ஆனால் கண்காணித்தே நேர்மையை வரவழைத்துவிடலாம் என்றால், கண்காணிக்கிறவனைக் கண்காணிக்க ஒருவன் வேண்டும். அவன் மேல் இன்னொருவன். அந்த வரிசையில் எங்கேயோ ஓர் இடத்தில் யாராவது ஒருவர், யாரும் பார்க்காதபோது கால் இஞ்சுக்காகச் சுவரை இடித்தாக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு வரிசையில் அந்த ஆள் கீழே நின்றிருந்தார். நான் மேலே நின்று அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கை குடும்பம் 2022-ல் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் போனால் தங்கை காபி கொடுப்பாள். ஹாலில் உட்கார்ந்து குடிக்கிறபோது என் கண் தானாக மேலே போகும். பட்டி பார்த்து வெள்ளையடித்தபின் கோடு தெரிவதில்லை. "என்னண்ணே, எப்பப் பாத்தாலும் சீலிங்கையே பாக்கிற?" என்று போன மாதம்கூடக் கேட்டாள்.

இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கும் போகிறது. அம்மாவுக்குக் கண் தெரியாததால், தங்கைதான் ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாள். முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான்.